மூக்கைத் தூக்கும் படகு: எதை மாட்டலாம், எதை விடலாம்?

ஐந்து மீட்டர் நீளத்தில் ஒரு ஃபைபர் படகு, பின்னால் 50 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார். இப்படிப் படகு வைத்திருப்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். வேகத்தைக் கூட்டியதும் அணியம், அதாவது படகின் முன்பகுதி, வானத்தைப் பார்க்கிறது, எதிரே ஒன்றும் தெரிவதில்லை. அல்லது, வேகம் பிடித்த பிறகு அணியம் ஏறி இறங்கி ஆடிக்கொண்டே வருகிறது. அல்லது, வளைவில் புரொப்பல்லர் பிடியை விட்டு எஞ்சின் அலறுகிறது. மூன்றுக்கும் கடையில் சாமான் இருக்கிறது: டிரிம் டேப், இறக்கை மாதிரியான ஃபின், ஜாக் பிளேட், நாலு இலை புரொப்பல்லர். விலை விசாரிக்கும் முன் படகு ஏன் இப்படிச் செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

மெதுவாகப் போகும்போது படகு தண்ணீரை விலக்கிக்கொண்டு போகிறது. அது எழுப்பும் அலை, வேகம் கூடக்கூட நீண்டுகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் படகின் நீளமும் சமமாகிவிடும். 5 மீட்டர் படகுக்கு அது மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும். அதைத் தாண்டினால் பின்பகுதி அலையின் பள்ளத்தில் இறங்க, படகு தான் எழுப்பிய அலையின் மீதே ஏறப் பார்க்கிறது. அணியம் தூக்குவது அதனால்தான். வேகத்துக்கும் நீளத்துக்கும் உள்ள இந்த உறவை 1870களில் இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் நீண்ட தொட்டி ஒன்றைக் கட்டி, அதில் மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து ஆராய்ந்தவர் வில்லியம் ஃபுரூட்.

மோட்டாருக்குத் தெம்பு இருந்தால் படகு அந்த மேட்டைத் தாண்டி, நீர்ப்பரப்பின் மேல் சறுக்க ஆரம்பிக்கும். இப்போது அதைத் தாங்குவது மிதப்பு மட்டுமல்ல; அடித்தட்டில் மோதும் தண்ணீர் கொடுக்கும் உந்தலும்தான். அமெரிக்கப் பொறியாளர் டேனியல் சாவிட்ஸ்கி 1964இல் வெளியிட்ட சமன்பாடுகள் இதைக் கணக்கிட உதவுகின்றன. சறுக்கும் படகு சுமார் 4 டிகிரி நிமிர்ந்திருந்தால் இழுவை மிகக் குறைவு. கோணம் குறைந்தால் அடித்தட்டு அதிகமாக நனைந்து உராய்வு கூடும். அதிகமானால் தூக்கும் விசை நிலைகொள்ளாமல் முன்னும் பின்னும் மாறி, அணியம் ஆட்டம் போடும். கடையில் விற்கும் சாமான்களில் முக்கால்வாசி இந்த ஒரு கோணத்தைத்தான் மாற்றுகின்றன.

காசு செலவழிக்காமலே அதை மாற்ற வழி உண்டு. இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாருக்காக வடிவமைத்த பழைய படகில் நான்கு ஸ்ட்ரோக் மோட்டாரை மாட்டினால் பின்னால் இருபது கிலோவுக்கு மேல் கூடிவிடுவது சகஜம். 100 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 75 கிலோ. டேங்க், பேட்டரி, நங்கூரம், ஐஸ் பெட்டி எல்லாம் பின்னால் குவிந்திருந்தால் எந்த ஃபின் வந்தும் பெரிதாகப் பயனில்லை. பேட்டரியை முன்னால் கொண்டுபோய் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்த படகுகள் உண்டு. அப்புறம் மோட்டாரின் சாய்வு: படகுப் பக்கமாக உள்ளே சாய்த்தால் அணியம் இறங்கும், வெளியே சாய்த்தால் ஏறும். மோட்டாரின் உயரத்தையும் பாருங்கள். புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டு, படகின் அடித்தட்டோடு ஒரே மட்டத்திலோ சற்று மேலேயோ இருக்க வேண்டும். பல மோட்டார்களின் பிராக்கெட்டில் இதற்கென்றே வரிசையாகத் துளைகள் இருக்கும்.

அடுத்து புரொப்பல்லர். என்னைக் கேட்டால், பணத்தை முதலில் போட வேண்டிய இடம் இதுதான். புரொப்பல்லர் ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேற வேண்டும் என்பதை அங்குலத்தில் சொல்வது பிட்ச். மோட்டார் நிமிடத்துக்கு 5500 சுற்றில் ஓடுகிறது, கியர் அதைப் பாதியாக்குகிறது, பிட்ச் 13 அங்குலம் என்றால் கணக்குப்படி வேகம் மணிக்கு 54 கிலோமீட்டர். தண்ணீர் திடப்பொருள் இல்லையே, 15 சதவீதம் நழுவிவிடும். கையில் கிடைப்பது 46. பிட்சை ஓர் அங்குலம் குறைத்தால் எஞ்சின் சுற்று 150 முதல் 200 வரை கூடும், மேட்டைத் தாண்டுவதும் சுலபமாகும். முழு வேகத்தில் மோட்டார் தன் கையேட்டில் சொன்ன சுற்றை எட்டவில்லை என்றால் பிட்ச் அதிகம் என்று அர்த்தம். வளைவில் எஞ்சின் அலறுவது, மேற்பரப்புக் காற்றைப் புரொப்பல்லர் உறிஞ்சிக்கொள்வதால். அதற்கு நாலு இலை புரொப்பல்லர் நல்ல மருந்து. உச்ச வேகம் கொஞ்சம் குறையும். பின்பகுதியைத் தூக்கியும் கொடுக்கும்.

இவ்வளவும் செய்தும் தீரவில்லையா? சரி, டிரிம் டேப். படகின் பின்சுவரின் அடியில் இருபுறமும் கீல் போட்டு மாட்டும் தகடுகள் இவை. தகடு கீழே இறங்கினால் அங்கே தண்ணீர் கீழ்நோக்கித் திரும்புகிறது, பின்பகுதி மேலே எழுகிறது. படகின் நீளம் எத்தனை அடியோ, பக்கத்துக்கு அத்தனை அங்குல அகலம் என்பது நடைமுறைக் கணக்கு. வலது தகட்டை இறக்கினால் வலது பக்கம் உயரும், இடது பக்கம் தாழும். புதிதாகப் பழகுபவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஆனால் டேப்பின் உண்மையான பலனும் இதுவே: ஓட்டுபவர் ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பதாலோ பக்கவாட்டுக் காற்றாலோ படகு சாய்ந்தால் ஃபின்னால் ஒன்றும் செய்ய முடியாது, டேப்பால் முடியும்.

தகடு தரும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரட்டித்தால் விசை நாலு மடங்கு. மணிக்கு 20 கிலோமீட்டரில் உதவிய அதே கோணம் 40இல் அணியத்தைத் தண்ணீருக்குள் அழுத்தும். அதனால் ஓட்டும்போதே ஏற்றி இறக்கக்கூடிய ஹைட்ராலிக் அல்லது மின் டேப்பே மேல். வேகம் கூடும்போது தண்ணீரின் அழுத்தத்தால் தானே மேலே மடங்கும், வாயு உருளை வைத்த டேப் சின்னப் படகுக்கு நடுவழி.

மோட்டாரின் தட்டில் போல்ட் போட்டு மாட்டும் ஃபின்னில் அந்த வசதி கிடையாது. விலை மலிவு, அரை மணி வேலை. அதனால்தான் எல்லோரும் முதலில் அதை வாங்குகிறார்கள். சக்தி குறைந்த மோட்டார், படகு நிறைய ஆட்கள், பின்னால் கயிறு கட்டி யாரையாவது இழுக்க வேண்டும் என்றால் மேட்டைத் தாண்ட அது நிஜமாகவே உதவும். ஆனால் மோட்டார் தாழ்ந்திருக்கும் படகில் முழு வேகத்திலும் அது தண்ணீருக்குள்ளேயே கிடந்து இழுக்கும். தட்டில் போட்ட துளையும் போட்டதுதான். துளையில்லாமல் கவ்வும் ரகம் கிடைத்தால் அதை எடுங்கள். ஜாக் பிளேட் மோட்டாரைப் பின்னுக்குத் தள்ளி உயர்த்துவது. பின்பகுதி ஏற்கெனவே தாழ்ந்த படகுக்கு அது எடையை இன்னும் பின்னால் கொண்டுபோகும். வேகப் பிரியர்களுக்கே விட்டுவிடலாம்.

எதை மாட்டினாலும் ஓர் எச்சரிக்கை. பின்னாலிருந்து அலை துரத்தும்போது, குறிப்பாக முகத்துவாரத்தில் நுழையும்போது, அணியம் தாழ்ந்திருக்கக் கூடாது. அது தண்ணீரில் குத்தி நின்றால் பின்பகுதியை அலை பக்கவாட்டில் தள்ள, படகு அலைக்குக் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துவிடலாம். உள்ளே நுழைவதற்கு முன்பே டேப்பை முழுதாக மேலே ஏற்றிவிடுங்கள். ஃபின் மட்டும் இருக்கும் படகில் மோட்டாரைக் கொஞ்சம் வெளியே சாய்த்து அணியத்தை உயர்த்திக்கொள்ளலாம்.