சீதன உறுதியில் இருந்த இருவர்

போன வருடம் ஒரு ஐயா, வீட்டுப் பெட்டகத்தில் கிடந்த ஓலைக்கட்டு ஒன்றை எங்களிடம் கொண்டுவந்து தந்தார். யாழ்ப்பாணத்தில் ஆவணக்காப்பு வேலை செய்கிறவர்களுக்கு இது பழகிய காட்சிதான். காணி உறுதி, சாதகம், வைத்திய ஏடு எல்லாம் ஒரே கட்டில் வரும். அடுத்த கிழமை அவர் திரும்பி வந்தார். "பிள்ளை, அந்த ஒரு ஓலையை மட்டும் திருப்பித் தாங்கோ. பேரப்பிள்ளையள் பார்த்தால் என்ன நினைப்பினம்?"

அது ஒரு சீதன உறுதி, அதாவது மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பவற்றை எழுதிய பத்திரம். வயல், பனங்காணி, நகை என்று போகும் வரிசையில் ஒரு பெண்ணும் அவளுடைய மகனும் எழுதப்பட்டிருந்தார்கள். காணிக்கு எல்லை சொல்லப்பட்டிருந்தது, நகைக்கு எடை சொல்லப்பட்டிருந்தது. அந்த இருவருக்கும் பெயர் மட்டும்தான்.

"எங்கட ஊரில் அடிமைகள் எங்கே இருந்தார்கள்? குடிமைத் தொழில்தானே இருந்தது" என்று, சாதிவழி வந்த ஊழியத்தைச் சொல்லி, படித்தவர்களே பேசக் கேட்டிருக்கிறேன். 1707இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) தொகுப்பித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் அடிமைகளைப் பற்றித் தனிப் பகுதியே உண்டு. அந்தத் தொகுப்பைப் பார்த்துச் சரியென்று ஒப்புக்கொண்டவர்கள் 12 தமிழ் முதலியார்கள், அதாவது உள்ளூர்த் தலைமை அதிகாரிகள். ஆகவே இதை ஒல்லாந்தரின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டம்கூட இலங்கையை விலக்கியே வைத்தது. இங்கே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான். எந்தெந்தச் சமூகத்தவர் அடிமைகளாக வைக்கப்பட்டார்கள் என்று தேசவழமை பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. நான் இங்கே எழுதவில்லை. அவர்களின் வழிவந்தவர்கள் நம்மோடு வாழ்கிறார்கள், அந்தப் பெயர்களை இன்றும் வசவாக எறிகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இதே சிக்கலைச் சந்தித்த விதம் நமக்குத் தூரத்துக் கதை அல்ல. எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்தவர். அந்தக் காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றும் வணிகமும் நடந்தது. அவர் கொடுத்தனுப்பிய துணிப்பொதிகள் முதலிய பொருட்களை விற்றதில் கிடைத்த 562 பவுணுக்கு நன்றியாகத்தான் 1718இல் கல்லூரி அவர் பெயரைச் சூடியது. தமிழ்க் கரையில் சேர்த்த செல்வம் அது.

அந்தப் பல்கலைக்கழகத்தின் ஓவியச் சேகரிப்பில் எலிஹு யேல் குடும்பத்தாரோடு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் படம் ஒன்று உண்டு. ஓரத்தில் ஒரு கறுப்பினச் சிறுவன் நிற்கிறான். அவன் கழுத்தில் பூட்டுப் போட்ட வெள்ளி வளையம். 2020இல் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, அந்த இடத்தில் டைட்டஸ் காஃபர் என்ற ஓவியரின் படத்தைத் தற்காலிகமாக மாட்டினார்கள். அதில் பெரிய மனிதர்கள் எல்லோரும் கசங்கிக் கிடக்க, வளையம் இல்லாத சிறுவனின் முகம் மட்டும் படச்சட்டத்துக்குள் நிமிர்ந்து பார்க்கிறது. 2022இல் பழைய படம் திரும்பி வந்தது. அதற்குள் அதை ஆராய்ந்து, 'அடிமைப்படுத்தப்பட்ட பிள்ளை' என்ற சொற்களைத் தலைப்பிலேயே சேர்த்திருந்தார்கள். படத்தை ஒளித்து வைக்காமல் சரியான விளக்கத்தோடு மாட்டியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் 17ஆம் நூற்றாண்டுப் பித்தளைக் கழுத்துவளையம் ஒன்று, நாயின் கழுத்துப்பட்டி என்றே நெடுங்காலம் பதிவில் இருந்தது. 2021இல் அடிமைமுறை பற்றிய கண்காட்சியை நடத்தியபோது, அது ஒரு மனிதனின் கழுத்தில் கிடந்திருக்கக்கூடும் என்று விளக்கத்தை மாற்றினார்கள்.

இதைப் படித்த அன்று நான் எழுதிய பதிவட்டையை எடுத்துப் பார்த்தேன். "சீதன உறுதி. வயல், பனங்காணி, நகை முதலியன." அந்த 'முதலியன'வுக்குள் இரண்டு மனிதர்கள் இருந்தார்கள். அவர்களை மறைத்தவர் அந்த ஐயா அல்ல, நான். அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். இப்போது முதல் வரியில் அந்தத் தாயும் மகனும் பெயரோடு இருக்கிறார்கள். 'சீதனமாகக் கொடுக்கப்பட்டவர்கள்' என்பது அடுத்த வரி. அதற்குப் பிறகுதான் காணியும் நகையும்.

அப்புறம் ஐயாவை வரச்சொல்லி, உட்காரவைத்து, ஓலையை முழுக்க வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். வீட்டுப் பெயரை மட்டும் வெளியே காட்டவேண்டாம் என்று கேட்டார். அது நியாயமான கேட்பு, சரி என்று எழுதிக்கொடுத்தோம். சாதிப் பெயரையும் தேடுசொல்லாகப் போடுவதில்லை. மூல வாசகத்தில் உள்ளபடியே இருக்கும், ஆராய வருகிறவர் கேட்டுப் பார்க்கலாம். ஒரு எழுத்தைக்கூட அழிக்கமாட்டோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஓலை இருக்கலாம். வெளிநாட்டுக்குப் போகும் அவசரத்தில் காணி உறுதியை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு மிச்சத்தை எரிக்கிறார்கள், பழம்பொருள் வாங்க வருகிறவரிடம் தனித்தனி ஓலையாக விற்கிறார்கள். தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். கட்டைப் பிரிக்காமல், எண்ணெய் எதுவும் பூசாமல், ஈரம் படாத பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். யாருடைய பெட்டகத்தில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்துக் கட்டிக் கொண்டுவாருங்கள். வாசித்துக் காட்டுகிறோம்.