நுரையீரலுக்கு எடுத்த எக்ஸ்ரே

1950 வாக்கில் அமெரிக்கப் படையில் சேர வந்த இளைஞர்களை எக்ஸ்ரே இயந்திரத்தின் முன் நிறுத்தினார்கள். காசநோய் இருக்கிறதா என்று பார்க்க. நுரையீரல் சுத்தமாக இருந்தால் படத்தைக் கோப்பில் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். படத்தின் மேல் பகுதியில் இரண்டு காரை எலும்புகளும் விழுந்திருக்கும். அன்றைக்கு அதை யாரும் கவனிக்கவில்லை.

பல பத்தாண்டுகள் கழித்து, போரில் இறந்தவரின் பெயரைச் சொல்ல அந்த எலும்புதான் வந்தது.

அயல்நாட்டுப் போர்களில் காணாமல்போன தன் படையினரைத் தேட அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் தனி முகமையே உண்டு. இரண்டாம் உலகப்போரிலிருந்து கணக்கெடுத்தால் இன்னும் 80,000-க்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை. அதில் பாதிப்பேர் கடலோடு போனவர்கள். கொரியப் போரில் காணாமல்போனவர்கள் மட்டும் 7,000-க்கு மேல்.

தேடுவது என்றால் காட்டில் மண்ணைத் தோண்டிச் சல்லடையில் சலிப்பதுதான் நினைவுக்கு வரும். அதுவும் நடக்கிறது. ஆனால் கொரியப் போரில் இறந்த நூற்றுக்கணக்கானவர்கள் எங்கேயும் தொலைந்து கிடக்கவில்லை. ஹவாய்த் தீவுகளில், ஹொனலுலு நகரத்தின் ராணுவக் கல்லறையில், 'அடையாளம் தெரியாதவர்' என்ற கல்லுக்குக் கீழே இருந்தார்கள். ஆள் இருக்கிறார், பெயர்தான் இல்லை.

டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தால் முடிந்தது என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். போர் முடிந்த பின் ஜப்பானில் வைத்து இந்த எலும்புகளைப் பாதுகாக்க ஃபார்மால்டிஹைடு கலந்த பொடியைப் போட்டிருந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அந்த வேதிப்பொருள் டி.என்.ஏ. இழைகளைச் சிதைத்துவிட்டது. வழக்கமான சோதனையில் ஒன்றும் தேறவில்லை. மிகச் சிறிய துணுக்குகளையும் படிக்கும் புதிய முறை 2016-இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது.

சரி, காரை எலும்புக்கு வருவோம். கழுத்துக்குக் கீழே, தோள் வரைக்கும் குறுக்கே ஓடுகிறதே, அதுதான். விரலால் தடவிப் பார்த்தால் லேசான 'எஸ்' வளைவு தெரியும். அந்த வளைவு, நுனிகளின் வடிவம், தசைநார் பிடிக்கும் இடத்தில் உள்ள மேடு எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளின் இடதும் வலதும்கூட அச்சாக ஒத்துப்போகாது. நெஞ்சு எக்ஸ்ரேயில் இவ்வளவும் பதிவாகும்.

ஆய்வகத்தில் கல்லறையிலிருந்து எடுத்த எலும்பை, அன்று அந்த இளைஞன் நின்ற அதே கோணம் வரும்படி சாய்த்து வைத்துப் புதிதாக எக்ஸ்ரே எடுக்கிறார்கள். பிறகு பழைய படத்தோடு பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வளைவாக ஒப்பிடுகிறார்கள். எலும்புகளை அளந்து வயதும் உயரமும் கணிக்கும் நிபுணரிடம், அது யாராக இருக்கலாம் என்ற சந்தேகத்தைச் சொல்வதில்லை. பெயர் தெரிந்தால் கண் தானாகவே அதற்கேற்ற ஒற்றுமையைத் தேடும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான்.

ஒவ்வொருவர் எலும்பும் தனித்தனியாகக் கிடைத்தால் இவ்வளவுதான் வேலை. எப்போதும் அப்படிக் கிடைப்பதில்லை. வட கொரியா 1990-க்கும் 1994-க்கும் இடையில் 208 பெட்டிகளை ஒப்படைத்தது. திறந்து பார்த்தால் 400 பேர் அளவுக்கு எலும்புகள் கலந்து கிடந்தன. 2018-இல் வந்த 55 பெட்டிகளிலும் அதே கதை. அவற்றோடு வந்தது, வீரர்கள் கழுத்தில் அணியும் பெயர் பொறித்த அடையாள வில்லை ஒன்றே ஒன்று. எந்தக் கை எந்தத் தோளுக்குரியது என்று பிரிக்கவே டி.என்.ஏ. வேண்டும்.

அந்த டி.என்.ஏ.வையும் எதோடாவது ஒப்பிட வேண்டுமே. பழைய எலும்பில் பெரும்பாலும் மிஞ்சுவது, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பில் உள்ள டி.என்.ஏ. ஒவ்வொரு செல்லிலும் அதன் பிரதிகள் ஏராளம் என்பதால் கொஞ்சமாவது தப்பிக்கும். ஆனால் அது தாய்வழியாக மட்டுமே இறங்கும். ஆகவே காணாமல்போன வீரரின் சொந்த மகனே வந்து கன்னத்தின் உட்புறத்தைத் தடவி மாதிரி கொடுத்தாலும் இதற்குப் பயன் இல்லை. அவனிடம் இருப்பது அவன் அம்மாவுடையது. வீரரின் அக்கா மகள் கொடுத்தால் பொருந்தும். அக்கா தங்கையே இல்லை என்றால், அவருடைய தாயின் தங்கை, அந்தத் தங்கையின் மகள், அப்புறம் அவள் மகள் என்று வம்சத்தைத் துருவிக்கொண்டே போக வேண்டும். அப்படிக் கண்டுபிடித்துக் கேட்கும்போது, இப்படி ஒரு மாமா இருந்தார் என்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம்.