சூலகத்துக்குள் ஒரு தைரொயிட்

சூலகத்தில் வரும் டெர்மொயிட் கட்டியை வெட்டினால் முதலில் வருவது கொழுப்பு. உடம்புச் சூட்டில் எண்ணெயாக இருந்தது, எங்கள் ஆய்வுகூட மேசைக்கு வந்து சேரும்போது மார்கழிக் காலையில் போத்தலுக்குள் உறைந்த தேங்காய் எண்ணெய் மாதிரி இறுகியிருக்கும். அதை வழித்தெடுத்தால் சுருண்ட முடி, சில வேளை முழுசாக ஒரு பல்.

ரிப்போர்ட் எடுக்க வரும் தாய்மார் சிலர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "பிள்ளைக்கு இன்னும் கலியாணம் ஆகேல்லை டொக்டர், பல்லு எப்பிடி?" யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லியாக வேண்டும். இது கர்ப்பமும் இல்லை, செய்வினையும் இல்லை. பிறக்கும்போதே சூலகத்தில் இருக்கும் முட்டைக் கலம் ஒன்று, கருக்கட்டாமலே தன்பாட்டில் வளரத் தொடங்கிவிடுகிறது. எந்த இழையத்தையும் உருவாக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. தோல், முடி, பல் என்று வருவது அதனால்தான், தைரொயிட்டும் வரும்.

பெரும்பாலான டெர்மொயிட்கள் சாதுவானவை. புற்றுநோயாக மாறுவது நூற்றில் 1 அல்லது 2. அப்படி மாறினால் அநேகமாகத் தோலில் வரும் ஸ்குவாமஸ் வகைதான். 45 வயதைத் தாண்டியவர்களில், 10 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்த கட்டியென்றால் நாங்கள் கூடுதல் கவனமாகத் துண்டு எடுப்போம், குறிப்பாகச் சுவரில் தடித்திருக்கும் இடத்தில்.

தைரொயிட் கதை வேறு. கட்டியில் பாதிக்கு மேல் தைரொயிட் இழையம் இருந்தால் அதற்கு ஸ்ட்ரூமா ஓவரி என்று பெயர். வெட்டுமுகம் பனங்கட்டிப் பாணி நிறத்தில் பளபளக்கும். சிலருக்கு அங்கேயே ஹோர்மோன் சுரந்து நெஞ்சு படபடக்கும், உடம்பு மெலியும். கழுத்தைத் தடவிப் பார்த்தால் ஒன்றுமிராது. இவற்றிலும் சிறு பங்கே புற்றுநோய், அதிலும் அதிகம், கழுத்துத் தைரொயிட்டிலும் வரும் பப்பிலரி வகை.

சூலகத்தோடு நின்றுவிட்டால் பலருக்குச் சத்திரசிகிச்சையும் தொடர் கண்காணிப்பும் போதும். பரவியிருந்தால் கழுத்தில் இருக்கும் நல்ல தைரொயிட்டையும் எடுக்கச் சொல்வார்கள். "நோய் வயித்திலை, கழுத்தை ஏன் வெட்டுறியள்?" என்று கேட்பது நியாயந்தான். பரவிய கலங்களை அழிக்கக் கதிரியக்க அயடீன் கொடுத்தால் அதில் பெரும்பங்கைக் கழுத்துச் சுரப்பி உறிஞ்சிவிடும், அந்தக் கலங்களுக்குப் போதியது போய்ச் சேராது. அதோடு, நோய் திரும்புகிறதா என்று பார்க்க, தைரொயிட் கலங்கள் சுரக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தை அளக்கும் பரிசோதனைக்கும் அந்தச் சுரப்பி இருக்கும்வரை சரியான அர்த்தம் இல்லை.

ஒருமுறை, நாற்பதுகளில் இருந்த ஒரு அம்மாவின் வயிற்றுக் கட்டியிலிருந்து எடுத்த துண்டு வந்தது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தைரொயிட் நுண்ணறைகள். தவறான போத்தலோ என்று படிவத்தைத் திரும்பவும் பார்த்தேன். இல்லை. கழுத்து ஸ்கானிலும் ஒன்றுமில்லை. அப்புறம்தான் விசாரித்தேன்: சில வருடங்களுக்கு முன் வேறோரிடத்தில் சூலகக் கட்டி ஒன்றை எடுத்திருக்கிறார்கள்.

"அந்த ரிப்போர்ட் இருக்குதோ?"

"ரிப்போர்ட் ஒண்டும் தரேல்லை டொக்டர்," என்றார் கூட வந்த தம்பி. "கொழுப்புக் கட்டிதான் எண்டு போத்தலுக்குள்ளை போட்டுக் காட்டினவை. பிறகு எறியட்டோ எண்டு கேட்டவை. நாங்களும் ஓமெண்டிட்டம்."

பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால், மெழுகில் பதித்த முத்திரையளவு துண்டாக அது எங்கேயாவது ஒரு அலுமாரியில் இருந்திருக்கும். எடுத்து மறுபடி வெட்டிப் பார்த்திருக்கலாம். அவரைத் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பும் கடிதத்தில், முந்தைய ரிப்போர்ட் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன்.