கவட்டுக் கடிக்கு இறால் என்ன செய்தது?

போன கிழமை கிளினிக்குக்கு வந்தவர் முல்லைத்தீவுக் கரையோரத்துக் கடற்றொழிலாளி. நாலு மாதமாக இறால், நண்டு, கணவாய் எதையும் தொடவில்லையாம். கத்தரிக்காயும் இல்லை, அன்னாசியும் இல்லை. தோலில் கடியைக் கிளப்பும் என்று ஊரார் நம்பும் இந்தச் சாப்பாட்டுக்குப் பெயர் கிரந்திச் சாமான். "எல்லாக் கிரந்திச் சாமானையும் விட்டிட்டன் டொக்டர், கடி மட்டும் என்னை விடுகுதில்லை" என்றார். முன்தோல் சிவந்து, விளிம்பெல்லாம் வெடித்து, உள்ளே வெள்ளை படிந்திருந்தது. வெறும் வயிற்றில் இரத்தச் சீனி குத்திப் பார்த்தால் 268 mg/dL. தாகம் எடுக்கிறதென்று தொழிலுக்குப் போகும்போது பெரிய போத்தல் சோடா ஒன்று கொண்டுபோவாராம். அதை விடச் சொல்லி மட்டும் ஊரில் ஒருவரும் அவருக்குப் பத்தியம் சொல்லவில்லை.

வன்னியில் ஆண்களுக்குக் கவட்டில் கடி என்றால் முதலில் நிற்பது சாப்பாடு, கடைசியில் வருவது கிளினிக். இடையில் பாமசிக் கிறீம். இந்த ஒழுங்கைப் பார்த்துப் பார்த்துச் சலித்துத்தான் இதை எழுதுகிறேன்.

இறால், நண்டு ஒவ்வாமை என்று ஒன்று இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது வரும் விதம் வேறு. சாப்பிட்ட சில நிமிடங்களில், மிஞ்சினால் இரண்டு மணித்தியாலத்துக்குள், உடம்பு முழுக்கத் தடிப்புத் தடிப்பாக எழும்பும். உதடும் கண்மடலும் வீங்கலாம், வாந்தி வரலாம். மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தடிப்பு வழக்கமாக ஓரிரு நாளில் மறைந்தும் போகும். மாதக்கணக்காக இரண்டு தொடை இடுக்கிலும் மட்டும் குடியிருந்து, வட்டம் வட்டமாகப் பரவுவது உணவு ஒவ்வாமையின் வேலை அல்ல. நீங்கள் சாப்பிட்ட கத்தரிக்காய்க்கு உங்கள் கவடு எங்கே இருக்கிறதென்று தெரியாது.

"ஆனால் விட்டபிறகு குறைஞ்சதே டொக்டர்?" மாரி தொடங்கி வியர்வை குறைந்தால் கடி கொஞ்சம் அடங்கும். புகழ் கத்தரிக்காயை விட்டதற்குப் போய்விடும். பங்குனி, சித்திரை வெயிலில் திரும்பி வரும்போது, யாரோ வீட்டுச் சடங்கில் சாப்பிட்ட கணவாய்க் கறிமேல் பழி விழும்.

பெரும்பாலும் இந்தக் கவட்டுக் கடி படர்தாமரை, அதாவது பங்கஸ் (பூஞ்சை). ஓரம் சிவந்து செதில் விட்டு, நடு கொஞ்சம் தெளிந்திருக்கும். விதைப்பையை அது அநேகமாகத் தொடாது. எங்களுக்கு அது ஒரு துப்பு. ஈரக் காற்சட்டையோடு நாள் முழுக்க வயலில் நிற்பவர்கள், வெயிலில் ஓட்டோ ஓடுபவர்கள், உடம்பு பருத்துத் தொடை உரசுபவர்கள் எல்லோருக்கும் வரும். அதற்கு ஸ்டீரொய்ட் (சிவப்பையும் கடியையும் அடக்கும் மருந்து) கலந்த கிறீமைப் பூசினால் இரண்டு நாளில் கடி நிற்கும், பங்கஸ் நிற்காது. வட்டத்தின் உருவமே மாறி, பார்க்கிற எங்களையும் குழப்பும். தோல் மெலிந்து, தொடை இடுக்கில் வரிவரியாகக் கோடு விழும். அந்தக் கோடு பிறகு முழுமையாகப் போகாது. தயவுசெய்து பாமசியில் "கடிக்கு ஒரு கிறீம் தாங்கோ" என்று கேட்காதீர்கள்.

சரி, சாப்பாட்டுக்கும் இதற்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது, நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை.

முதலாவது சீனி. முன்தோலும் ஆண்குறி மொட்டும் அடிக்கடி சிவந்து கடித்து வெடிப்பது சிலருக்குச் சலரோகத்தின் (நீரிழிவின்) முதல் அறிகுறி. கிறீம் பூச மாறும், சீனி இறங்காவிட்டால் திரும்பி வரும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், ஏறக்குறைய ஆறு தேக்கரண்டிக்குள், சீனியை வைத்துக்கொள்வது நல்லதென்கிறது. வயலுக்குப் போகிறவர் ஐந்து பிளேன்டீ குடித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி போட்டால் கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது. சோடா இன்னும் வரவில்லை. பனங்கட்டி கடித்துக் குடித்தால் பரவாயில்லையா என்று கேட்பவர்களுக்கு: அதுவும் சீனிதான். குரக்கன் பிட்டும் மாச்சத்துத்தான், நீத்துப்பெட்டி நிறையச் சாப்பிட்டால் பலன் இல்லை.

இரண்டாவது குடி. கசிப்பும் சாராயமும் குடித்துச் சோற்றைக் கைவிட்டவர்களுக்கு விற்றமின் பி2 குறைந்து, கடைவாய் வெடித்து, நாக்கு எரிந்து, விதைப்பைத் தோல் சிவந்து செதில் விடும். கவட்டைக் காட்டுகிறவரிடம் "வாயைத் திறவுங்கோ" என்று நாங்கள் சொல்வது விளையாட்டுக்கல்ல. இவர்களுக்குத் தேவை முட்டை, பால், மீன், கீரை, ஈரல். பத்தியம் என்று வீட்டில் முதலில் நிறுத்துவதும் இவற்றில் பாதியைத்தான்!

உறைப்பு, கோப்பி, மதுபானம் மலவாயிலைச் சுற்றி வரும் கடியைச் சிலருக்குக் கூட்டும். அங்கே கடிப்பவர்கள் இரண்டு கிழமை குறைத்துப் பார்க்கலாம்.

இரவில் கடி கூடி, விரலிடுக்கிலும் இருந்து, வீட்டில் பிள்ளைகளும் சொறிந்தால் அது சிரங்கு. வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். ஒருவர் மட்டும் பூசி வருவது வீண்.

குளித்தால் துவாயால் இடுக்கை நன்றாக ஒற்றி உலர விடுங்கள். பருத்தி உள்ளாடை, ஒவ்வொரு நாளும் மாற்றி, வெயிலில் காயவைத்தது. வீட்டில் சாரம் போதும். கிருமிநாசினி, சுடுதண்ணீர், தேசிக்காய், கற்பூரம் ஒன்றும் அங்கே வேண்டாம். கடியோடு வந்து புண்ணோடு நிற்பவர்களைப் பார்த்துக் களைத்துவிட்டோம். படர்தாமரைக்குத் தந்த மருந்தை, மறைந்த பிறகும் சொன்ன நாள்வரை பூசுங்கள். மனைவிக்கும் கடியோ வெள்ளைபடுதலோ இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஒளிக்க வேண்டாம்.

இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வெறும் வயிற்றில் சீனி 126 mg/dL அல்லது அதற்கு மேல் என்றால் சலரோகம் என்று எடுத்து, மறுபடி பார்த்து உறுதிசெய்வோம். ஏற்கெனவே சீனிக்கு மருந்தெடுப்பவர்கள், மருந்துச் சிட்டையில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று இருந்தால் சொல்லுங்கள். அவை சீனியைச் சிறுநீரில் தள்ளுவதால் சிலருக்கு இதே கடி வரும். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பெண் டொக்டர் இருக்கிற நாள் பார்த்துத் திரும்பிப் போகாதீர்கள். அவவும் இதைப் படித்துத்தான் வந்தவ. வரும்போது இதுவரை பூசின டியூப் எல்லாவற்றையும், வெறும் டியூப் என்றாலும், ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். "வெள்ளைக் கிறீம், நீல மூடி" என்று சொன்னால் எங்களால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.