எக்ஸ்போஷர்: 'வெளிப்பாடு' அன்று, 'ஒளிபடுகை'

பழைய தொழிற்சாலைப் படம் ஒன்றின் கீழே, "நீண்ட வெளிப்பாடு காரணமாகச் சக்கரம் மங்கலாகத் தெரிகிறது" என்று எழுதியிருந்ததை அண்மையில் படித்தேன். எக்ஸ்போஷர் என்பதை 'வெளிப்பாடு' என்று எழுதும் வழக்கத்தைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். ஆனால், சக்கரம் மங்கியதன் காரணத்தைச் சொல்ல வந்த வாக்கியமே அந்த ஒரு சொல்லால் விளங்காமல் போனதைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எக்ஸ்போஷர் என்னும் சொல்லின் வேர், 'வெளியே வை' என்று பொருள்படும் எக்ஸ்போனெரே என்னும் இலத்தீன் வினை. ஒளிப்படக் கலையில் அச்சொல், படம் பதியும் ஒளியுணர் தகட்டின்மேல் ஒளி விழவிடும் செயலையும், விழுந்த ஒளியின் அளவையும் குறிக்கும்.

ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பிசுபிசுப்பான திரவத்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். படக்காரர் வில்லையின் (லென்ஸின்) மூடியைக் கையால் கழற்றி, நொடிகளை எண்ணி, மறுபடி மூடுவார். அந்த இடைவெளியில் சுழலும் சக்கரத்தின் ஆரங்கள் பனிபோல் கரைந்துவிடும். அசைந்த தொழிலாளி முகமற்றவராகிவிடுவார். ஜெர்மனியின் எசன் நகரத்து க்ருப் எஃகு ஆலை 1861இலேயே தனக்கென ஒளிப்படப் பிரிவு அமைத்துக்கொண்டது. 1867 பாரிஸ் கண்காட்சிக்கான ஆலைப் படங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கலாம் என்று ஆலை உரிமையாளர் ஆல்ஃபிரட் க்ருப் யோசனை சொன்னார். வேலைநாளில் புகையும் நீராவியும் நடமாட்டமும் மிகுதி என்பதே காரணம்.

இனி 'வெளிப்பாடு' என்பதைப் பாருங்கள். வெளிப்படுதல் தன்வினை, உள்ளே இருப்பது வெளியே வருவதையே அது சொல்லும். கோபத்தின் வெளிப்பாடு, அன்பின் வெளிப்பாடு என்கிறோம். மூடியைக் கழற்றும்போது தகட்டிலிருந்து எதுவும் வெளியே வரவில்லை. வெளியே இருந்த ஒளிதான் உள்ளே வந்தது. அது மட்டுமன்று: ஒளி பட்ட தகட்டில் அந்நேரம் எந்த உருவமும் கண்ணுக்குத் தெரியாது. இருட்டறையில் இரும்பு சல்பேட்டுக் கரைசலை ஊற்றிய பிறகே பொறியின் உருவம் மெல்ல மேலெழும். வெளிப்பாடு என்று எதையாவது சொல்லியே ஆக வேண்டுமானால் அதைத்தான் சொல்ல வேண்டும். அடுத்த படிநிலைக்குப் பொருந்தும் பெயரை முந்தைய படிநிலைக்குச் சூட்டிவிட்டு, இரண்டையும் விளக்கும் கட்டுரையை எப்படி எழுதுவது? அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து வைத்துவிட்டு, தகட்டுக்கு என்ன நடந்தது என்று நினைத்துப் பார்க்காத மொழிபெயர்ப்பின் விளைவு இது.

சிலர் 'ஒளியூட்டல்' என்கிறார்கள். இது அவ்வளவு பிழையில்லை. ஆனால் விளக்கு வைத்து வெளிச்சம் தருவதாகவே காதில் விழுகிறது. இருண்ட ஆலைக் கொட்டகையில் வெளிச்சம் போதாமையால் மூடியை நெடுநேரம் திறந்து வைத்தார்கள் என்று எழுதும்போது, வெளிச்சம் தருவதும் தகட்டில் ஒளி விழுவதும் குழம்பிப்போகும்.

நம்மிடம் 'படு' இருக்கிறது. வெயில் படாத மூலை, காற்றுப் பட உலர்த்திய துணி, கண் பட்ட குழந்தை என்று நாள்தோறும் சொல்கிறோம். வெளியிலிருந்து ஒன்று வந்து தொடுவதை இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் வினை வேறில்லை. ஆகவே செயலுக்கு ஒளிபடுகை, நேரத்துக்கு ஒளிபடு நேரம், அளவு தவறினால் மிகை ஒளிபடுகை, குறை ஒளிபடுகை. பேச்சில் எக்ஸ்போஷர் என்று சொல்பவரோடு எனக்கு வழக்கில்லை. அவர் சொல்வது கேட்பவருக்குப் புரிகிறது.

அந்தப் படத்தின் கீழே இருந்திருக்க வேண்டிய வாக்கியம் இது: "ஒளிபடு நேரம் நீண்டதால், சுழன்றுகொண்டிருந்த சக்கரம் மங்கலாகப் பதிந்திருக்கிறது."