சிவப்பு நாடா – சொல் விளக்கம்

அலுவலக நடைமுறை, தான் எதற்காக ஏற்பட்டதோ அந்த நோக்கத்தை மறந்து, படிவமும் கையொப்பமும் முத்திரையுமாகவே நீண்டுகொண்டு போவதை ஆங்கிலத்தில் 'ரெட் டேப்' என்பர். தமிழ் இதழ்கள் அதை அப்படியே பெயர்த்துச் 'சிவப்பு நாடா' என்று எழுதி வருகின்றன.

இச்சொல் முதலில் உண்மையான ஒரு பொருளையே குறித்தது. பிரிட்டனில் சட்ட ஆவணங்களையும் அரசுக் கோப்புகளையும் செந்நிற நாடாவால் கட்டிவைக்கும் வழக்கம் இருந்தது. 1690களிலேயே இதற்கு எழுத்துச் சான்று உண்டு. 1736 அளவில் அந்த நாடா, அலுவலகச் சடங்குத்தனத்தைச் சுட்டும் உருவகமாகிவிட்டது. கட்டை அவிழ்த்தால்தான் கோப்பைப் படிக்க முடியும் என்பதால், படிக்கப்படாமலே கிடக்கும் மனுக்களுக்கு அந்த நாடா அடையாளமானதில் வியப்பில்லை.

தமிழில் உள்ள 'நாடா' உருது வழியாக வந்த சொல். தறியில் ஊடு நூலைக் கொண்டு இங்கும் அங்கும் ஓடும் கருவிக்கும் நாடா என்றே பெயர். மேசைக்கு மேசை போய் வரும் கோப்புக்கு இந்த இரண்டாம் பொருளும் பொருந்துவது தற்செயல்தான் என்றாலும், தறி நாடா ஓடினால் துணியாவது மிஞ்சும்.

சிவப்பு நாடாவை விதி என்பதோடும் ஊழல் என்பதோடும் குழப்பிக்கொள்ளலாகாது. தீயணைப்புக் கருவி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அது இருக்கிறது என்பதை நான்கு துறைகளுக்கு நான்கு படிவங்களில், ஒரே முகவரியை நான்கு முறை எழுதித் தெரிவிக்கச் சொல்வதே சிவப்பு நாடா. இந்தச் சுமை சிறுதொழிலை ஏன் கூடுதலாக அழுத்துகிறது என்பதும் இங்கேதான் விளங்கும். ஒரு படிவத்தை நிரப்ப ஆகும் நேரம், ஆயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கும் மூன்று பேர் உள்ள பட்டறைக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் பெரிய நிறுவனத்தில் அதற்கென்று ஒரு பிரிவே இருக்கும். பட்டறையிலோ முதலாளியே எழுத்தராகவும் கணக்கராகவும் இருப்பதால், அவர் படிவத்தோடு உட்காரும் பொழுதெல்லாம் தொழில் நிற்கும் பொழுதாகிவிடுகிறது.

இதனால் அரசுகள் இச்சுமையை அளந்து குறைக்க முற்பட்டன. ஒரு தகவலைத் தர ஆகும் நேரம், அந்நேரத்துக்கான கூலி, ஆண்டுக்கு எத்தனை முறை, எத்தனை நிறுவனங்கள் ஆகியவற்றைப் பெருக்கிச் சுமையைப் பணமதிப்பில் கணக்கிடும் முறையை நெதர்லாந்து கையாண்டு, 2003 முதல் 2007க்குள் 25 விழுக்காடு குறைக்க இலக்கு வைத்தது. கனடாவில் 2015இல் வந்த சட்டத்தின் பெயரிலேயே 'சிவப்பு நாடா' இடம்பெற்றது. தொழில்கள் மீது நிர்வாகச் சுமை ஏற்றும் புதிய ஒழுங்குவிதி ஒன்று வந்தால் பழையது ஒன்று போக வேண்டும் என்பது அதன் சாரம். பல துறை அனுமதிகளையும் ஓரிடத்தில் பெறும் ஏற்பாட்டுக்கு 'ஒற்றைச் சாளர முறை' என்ற நல்ல பெயர் தமிழில் நிலைத்துவிட்டது. ஆயினும் அச்சாளரத்துக்குப் பின்னால் பழைய மேசைகள் அப்படியே இருந்தால், வரிசையில் நிற்கும் இடம் மட்டுமே மாறியிருக்கும்.

சரியான தமிழ் நிகர் எது? 'தாமதம்' என்பது விளைவை மட்டுமே சொல்கிறது. 'இழுத்தடிப்பு' உயிருள்ள பேச்சுச் சொல். ஆனால் அது வேண்டுமென்றே செய்வது என்ற குற்றச்சாட்டையும் உடன்கொண்டு வருகிறது. சிவப்பு நாடாவுக்கோ கெட்ட எண்ணம் தேவையில்லை, நேர்மையான அலுவலரும் அதைச் சுற்றலாம். சட்டம், கொள்கை பற்றிய எழுத்தில் 'நடைமுறைச் சுமை' என்பதே துல்லியமானது என்பது என் கருத்து. கட்டுரையிலும் தலையங்கத்திலும் 'சிவப்பு நாடா' உருவகமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

அதற்கு ஏற்ற வினை பற்றியும் ஒரு சொல். ஆங்கிலத்தைப் பின்பற்றி 'சிவப்பு நாடாவை வெட்டியது அரசு' என்று எழுதினால், புதுக்கட்டடத் திறப்பு விழாவில் அமைச்சர் ரிப்பன் வெட்டும் காட்சியே படிப்பவர் கண்முன் வரும். கோப்பின் கட்டுக்கு 'அவிழ்த்தல்' என்ற வினையே இயல்பாகப் பொருந்தும்.