கிரேடிங்: தரம் பார்க்கிறோமா, படுத்துகிறோமா?

அமெரிக்கச் சேகரிப்பாளர்களைப் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதிக் கொடுத்தேன். ஒரு காட்சியில், கையுறை மாட்டிய பெரியவர் உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு துணித் துண்டை விளக்கடியில் வைத்து, பூதக்கண்ணாடியால் ஓரம் ஓரமாகப் பார்க்கிறார். பேஸ்பால் வீரர் ஒருவரின் படம் அச்சான துணி. 'தரம் பார்க்கிறார்' என்று எழுதினேன். நிறுவனத்திலிருந்து திரும்பி வந்தபோது அது 'தரப்படுத்துகிறார்' என்று மாறியிருந்தது. கூடவே குறிப்பு: 'தரம் பார்க்கிறார் என்பது பேச்சு வழக்கு, கிரேடிங்குக்கு உரிய கலைச்சொல் தரப்படுத்தல்.'

தொலைக்காட்சிச் செய்தியில், வங்கிப் படிவத்தில், பல்கலைக்கழகத் தரப்பட்டியலில் எல்லாம் இந்தத் 'தரப்படுத்தல்' கண்ணில் படும்போது பல்லைக் கடித்துக்கொண்டு போயிருக்கிறேன். இந்த முறை முடியவில்லை. அந்தப் பெரியவர் துணியை எதுவும் செய்யவில்லை. பார்க்கிறார், அவ்வளவுதான். எதுவும் செய்துவிடக் கூடாது என்பதுதான் அவர் தொழிலின் முதல் விதி.

துணி என்ன என்று சொல்லிவிடுகிறேன். 1910, 1911 வாக்கில் அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் பெட்டிக்குள் அட்டைப் படம் வைத்ததுபோலவே, துணியில் அச்சிட்ட படங்களையும் வைத்தன. டர்க்கி ரெட், ஓல்ட் மில், ஹெல்மார் என்று பல பிராண்டுகள். பின்னால் இருந்தது ஒரே முதலாளி, ஜேம்ஸ் டியூக்கின் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி. (அதை 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏகபோகம் என்று சொல்லி உடைத்தது.) கொடிகள், பூக்கள், நடிகைகள், கல்லூரிச் சின்னங்கள் எல்லாம் துணியில் வந்தன. பேஸ்பால் வீரர்களும் வந்தார்கள். புகைப்பது ஆண், துணியைத் தைப்பது வீட்டிலிருக்கும் பெண். இருவரையும் ஒரே பெட்டியில் பிடித்துவிடலாம் என்பது கணக்கு. துண்டுகளைச் சேர்த்துத் தைத்து மெத்தை விரிப்பும் தலையணை உறையும் செய்தார்கள். பெரிய துண்டு வேண்டுமானால் பெட்டியிலிருக்கும் கூப்பனைச் சேர்த்து அனுப்ப வேண்டும்.

ஆங்கிலத்தில் இவற்றை 'டொபாக்கோ சில்க்' என்கிறார்கள். நம்மவர்கள் உடனே 'புகையிலைப் பட்டு' என்று போட்டுவிட்டார்கள். காஞ்சிப் பட்டு என்றால் காஞ்சிபுரத்தில் நெய்தது, மல்பெரிப் பட்டு என்றால் மல்பெரி இலை தின்ற புழு தந்தது. அப்படியானால் புகையிலைப் பட்டு? புகையிலை மென்ற புழுவா? நம் ஊரில் பிள்ளைகள் தீப்பெட்டிப் படம் சேர்த்தார்கள். அதைத் 'தீப்பெட்டி அட்டையியல் சித்திரம்' என்றெல்லாம் யாரும் சொல்லவில்லை. அதே வழியில் 'சிகரெட் பெட்டிப் பட்டுப்படம்' என்றால் போதும், சுருக்கமாகப் பட்டுப்படம். இவற்றில் பல முழுப்பட்டுகூட இல்லை, சாட்டின் நெசவுத் துணி. ஆனாலும் கம்பெனி பட்டு என்று சொல்லி விற்றது, பேரும் நின்றுவிட்டது. அதோடு சண்டை போட வேண்டாம்.

சரி, கிரேடிங்.

லத்தீனில் கிராடுஸ் என்றால் காலடி, படி. அதிலிருந்து கிரேடு, டிகிரி, கிராஜுவேட் எல்லாம். ஏணிப்படியில் ஒரு பொருள் எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்வது கிரேடிங். சேகரிப்பு உலகில் அதைப் பத்துக்கு இத்தனை என்று எண்ணாகவே கொடுப்பார்கள். தமிழில் இதற்கு நேரான சொல் 'தரம்', அதுவும் நேற்று வந்ததல்ல. சோழர் கல்வெட்டுகளில் நிலத்துக்குத் தரம் உண்டு. தரம் இடப்படாத நிலத்துக்குத் 'தரமிலி' என்றே பெயர். இலங்கையில் இன்றும் ஐந்தாம் வகுப்பு என்பது 'தரம் 5'. வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும். தரம் என்ற பெயரில் எனக்குத் தகராறு இல்லை. அதன் வாலில் கட்டிவிட்ட 'படுத்தல்' மீதுதான்.

படுத்து என்பது செய்விக்கும் வினை. சுத்தப்படுத்து என்றால் அழுக்காக இருந்ததைச் சுத்தமாக்கு. பலப்படுத்து, அமைதிப்படுத்து, மேம்படுத்து, எல்லாவற்றிலும் பொருளின் நிலை மாறுகிறது. முன்பு இல்லாதது பின்பு வருகிறது. அப்படிப் பார்த்தால் தரப்படுத்து என்றால் தரமில்லாததைத் தரமாக்கு. பழைய துணி விஷயத்தில் இதற்குப் பெயர் கிரேடிங் அல்ல. மோசடி.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பட்டுப்படம் நூறு வயது தாண்டியது. ஓரத்தில் நூல் பிரிந்திருக்கும். மடிப்பு விழுந்திருக்கும். வெயில் பட்ட பக்கம் வெளுத்திருக்கும். தைத்திருந்தால் ஊசித் துளை இருக்கும். வெள்ளைத் துணியில் வந்த வகைக்குப் பின்னால் விளம்பரம் அச்சிட்ட தாள் ஒட்டியிருந்தது. பெரும்பாலானவற்றில் அதைக் கிழித்துப் போட்டிருப்பார்கள், தாள் தங்கியிருந்தால் மதிப்பே வேறு. இப்போது ஒருவர் என்ன செய்யலாம்? பிரிந்த நூலை நறுக்கி ஓரத்தை நேராக்கலாம். மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு மடிப்பை எடுக்கலாம். துவைத்துக் கறையைப் போக்கலாம். சேலைக்குப் போடுகிற மாதிரி லேசாகக் கஞ்சி போட்டு விறைப்பும் ஏற்றலாம். இவை அத்தனையும் அட்சரசுத்தமாகத் தரப்படுத்தல்தான்! இவற்றைக் கண்டுபிடித்து, 'இது வெட்டப்பட்டது, எண் கொடுக்க மாட்டேன்' என்று திருப்பி அனுப்புவது கிரேடிங். போலீஸுக்கும் திருடனுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோம்.

அட்டைகளில் நடந்த கதை சேகரிப்பாளர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் படம் போட்ட டி-206 வரிசை சிகரெட் அட்டை ஒன்றை ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி கூட்டாளியோடு சேர்ந்து 1991இல் 4,51,000 டாலருக்கு வாங்கினார். இப்படி அட்டைகளுக்குத் தரம் பார்க்க அப்போதுதான் தொடங்கியிருந்த பி.எஸ்.ஏ. நிறுவனம் எண் கொடுத்த முதல் அட்டையே அதுதான். பத்துக்கு எட்டு. பல கைகள் மாறி விலை லட்சங்களில் ஏறிய பிறகு, 2013இல் பழைய வியாபாரி ஒருவர் அந்த அட்டையின் ஓரத்தைத் தானே வெட்டியதாக நீதிமன்ற வழக்கில் ஒப்புக்கொண்டார். அவர் செய்தது தரப்படுத்தல். பி.எஸ்.ஏ. செய்தது, அல்லது செய்யத் தவறியது, தரம் பார்த்தல். நம் கலைச்சொல்லை வைத்துக்கொண்டு இந்தச் செய்தியை எழுதிப் பாருங்கள்: 'தரப்படுத்தியதைத் தரப்படுத்தியவர் கண்டுபிடிக்கவில்லை.'

எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. 'வகைப்படுத்து, வரிசைப்படுத்து, அட்டவணைப்படுத்து என்கிறோமே, அங்கெல்லாம் பொருளா மாறுகிறது? நம் அடுக்குமுறைதானே மாறுகிறது?' என்பார்கள். நல்ல கேள்வி, நானும் கொஞ்ச நாள் இதில் மாட்டிக்கொண்டிருந்தேன். வகை, வரிசை, அட்டவணை மூன்றும் வெளியே இருக்கிற அடுக்குகள். ஒரு பொருளுக்குள் 'வரிசை' என்ற குணம் இல்லை. தரம் அப்படியா? 'தரமான சாப்பாடு', 'தரம் கெட்ட பேச்சு' என்கிறோம். இன்றைய தமிழில் தரம் என்றாலே நல்ல தரம், பொருளுக்குள் இருக்கும் குணம். அதோடு படுத்து சேர்ந்தால் காதில் விழுவது 'நல்லதாக்கு' என்பதுதான். கல்வெட்டுக் காலத்தில் தரம் வெறும் அடுக்காக இருந்தபோது தரப்படுத்து என்று சொல்லியிருந்தால் ஒருவேளை பொருந்தியிருக்கும். சொல்லின் பொருள் நகர்ந்துவிட்டது, கலைச்சொல்காரர்கள் கவனிக்கவில்லை.

இன்னொரு இடைஞ்சலும் உண்டு. ஈழத்தமிழர் ஒருவரிடம் தரப்படுத்தல் என்று சொல்லிப் பாருங்கள். அவர் மனதில் வருவது 1970களின் பல்கலைக்கழக அனுமதி. மாணவர் எடுத்த புள்ளிகளை மொழிவாரியாக மாற்றியமைத்து, தமிழ் மாணவர்கள் கூடுதல் புள்ளி எடுத்தாலும் இடம் கிடைக்காமல் போன காலம். அங்கே அந்தச் சொல் அச்சாகப் பொருந்துகிறது. எடுத்த புள்ளியையே மாற்றினார்கள் அல்லவா? ஒரு தலைமுறையின் காயத்துக்குப் பெயரான சொல்லைக் கொண்டுவந்து பேஸ்பால் துணிக்கு ஒட்டுவானேன்?

அப்புறம் 'தரம் பிரித்தல்'. இது நல்ல சொல், களத்துமேட்டுச் சொல். பருத்தி, வெங்காயம், ஏன், புகையிலை இலையையே அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் பிரிக்கக் குவியல் வேண்டும். ஒற்றைத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு எதை எதிலிருந்து பிரிப்பது?

எனக்கு ஆசை வேறொரு சொல் மேல்: மாற்று. பொன்னை உரைகல்லில் உரைத்து எத்தனை மாற்று என்று சொல்வார்கள். பத்தரை மாற்றுத் தங்கம் என்றால் சொக்கத் தங்கம். பி.எஸ்.ஏ.யின் உச்சம் பத்து. நம்முடையது அதற்கும் மேலே அரை! 'மூன்று மாற்றுப் பட்டுப்படம்' என்று எழுதிப் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. ஆனால் இன்று படிப்பவர் 'மூன்று முறை மாற்றியது' என்று எடுத்துக்கொள்வார். அதோடு உரைகல் பொன்னில் கொஞ்சம் தேய்த்து எடுத்துக்கொள்ளும், இங்கே அதுவும் ஆகாது. மனமில்லாமல் விட்டேன்.

கடைசியில் வந்து நிற்பது தரம் பார்த்தல். நாடி பார்க்கிறோம், ஜாதகம் பார்க்கிறோம், கணக்குப் பார்க்கிறோம், எடை பார்க்கிறோம். நாடி பார்ப்பவர் நாடியை மாற்றுவதில்லை. பேச்சு வழக்கு என்ற குற்றச்சாட்டுதான் எனக்குப் புரியவில்லை. ஆங்கிலத்தில் கிரேடிங் என்ற சொல்லைத் தெருவில் போகிறவரும் சொல்கிறார், ஏலக்கம்பெனிக்காரரும் சொல்கிறார். தமிழில் மட்டும் தெருவில் புழங்கும் சொல் கோட்டு மாட்டிக்கொள்ளாமல் உள்ளே வரக் கூடாதாம். பெயர்ச்சொல் வேண்டுமானால் தரக்கணிப்பு என்று வைத்துக்கொள்ளலாம், கொஞ்சம் விறைப்பு, ஆனால் பொய் இல்லை.

கலைச்சொல்காரர்களையே திட்டிக்கொண்டிருந்தால் இயந்திரம் தப்பித்துவிடும். அதே சப்டைட்டிலின் இயந்திர வரைவில் 'மின்ட் கண்டிஷன்' என்பது 'புதினா நிலை' என்று வந்திருந்தது. துவையலுக்கு ஆகிற நிலை போலிருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு மின்ட். கீரை மின்ட், மெந்தா என்ற லத்தீன் சொல்லின் வழி. மற்றது மொனெட்டா வழி: ரோமில் ஜூனோ மொனெட்டா கோயிலை ஒட்டி நாணயம் அடித்தார்கள், அதிலிருந்து மின்டும் வந்தது, பணத்தைக் குறிக்கும் மணியும் வந்தது. நாணயச்சாலையிலிருந்து அப்போதுதான் வெளிவந்தது போன்ற நிலை என்பது அர்த்தம். சென்னையில் மின்ட் தெரு என்று ஆங்கிலத்தில் பலகை இருக்கும் தெருவுக்குத் தமிழ்ப் பலகையில் தங்கசாலைத் தெரு என்று எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் பெயர் வைத்தவருக்கு எது கீரை, எது காசு என்று தெரிந்திருக்கிறது. நான் 'கை படாத நிலை' என்று போட்டேன். அதை நிறுவனம் மாற்றவில்லை, கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இந்தப் பட்டுப்படங்களுக்கு முதலில் ஒழுங்காகப் பட்டியல் போட்டவர் ஜெஃபர்சன் பர்டிக். புகையிலை அட்டைக்கு டி, பட்டுக்கு எஸ் என்று எழுத்தும் எண்ணும் கொடுத்தார். சின்னப் பேஸ்பால் துணிகள் எஸ்-74, கூப்பனுக்குக் கிடைத்த பெரியவை எஸ்-81. இன்றும் உலகம் அதைத்தான் சொல்கிறது. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தன் சேகரிப்பை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, மூட்டுவாதத்தால் வளைந்த விரல்களோடு தானே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டினார். ஒட்டி முடித்த கொஞ்ச நாளில், 1963இல், இறந்தார். பசை போட்டு ஒட்டினார் என்றால் இன்று எண் கொடுப்பவர்களுக்கு மயக்கமே வரும். அவர் வகைப்படுத்தினார். வரிசைப்படுத்தினார். தரப்படுத்த அவருக்குத் தோன்றவே இல்லை.

நியூஜெர்சியில் இருக்கும் என் அத்தை மகனிடம் எஸ்-74 ஒன்று இருக்கிறது. போன வருஷம் போயிருந்தபோது காட்டினான். இரண்டு விரல் அகலமும் கொஞ்சமும். பழுப்பேறிய வெள்ளை, வீரரின் தொப்பி மட்டும் இன்னும் கருகருவென்று. விளக்கில் பிடித்தபோது நான்கு ஓரத்திலும் பொடிப்பொடியாக வெளிச்சம் தெரிந்தது. ஊசித் துளைகள், இடைவெளி மாறாமல், நல்ல கை. மேல் மூலையில் ஒரு தையல் நூல் அறுந்தபடி இன்னும் தொங்குகிறது. அதை மட்டும் இழுத்து எடுத்துவிடலாமா என்று கேட்டேன். 'ஐயோ, தொடாதீங்க அத்தான்' என்றான்.

துணியோடு தரம் எழுதிய ஒரு சின்னச் சீட்டும் இருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த அத்தைக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டும். படித்துச் சொன்னேன்: 'தரம் பார்த்ததில் பத்துக்கு ரெண்டு அத்தை. ஓரமெல்லாம் தையல் துளை இருக்காம்.'

அத்தை துணியை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தையலைப் பார்த்தார். 'தைச்சவளுக்கு எத்தனை போட்டானாம்?' என்று கேட்டார்.